பாதி வழியில் இறங்கியவள்

என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் உடைத்த கண்ணாடி டம்ளரை ஒளித்து வைத்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே தானாகப் போய்ச் சொல்லி அடி வாங்கியவள் அவள். இதை அவள் என்னிடம் சொன்னது பட்டப்பகலில். சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கையில் வைத்திருந்த காபி ஆறி ஆடை கட்டும்வரை அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஆகவே இது நடந்தது. எப்படி நடந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அக்காவின் பிழைப்பு காதுகளோடு. மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிக்கிறாள். சத்தம் புகாத அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். வருஷக்கணக்காக அதையே செய்து அவளுடைய காதும் பாம்புக் காதாகிவிட்டது. அவள் இருக்கும் வீட்டில் யாரும் ரகசியம் பேச முடியாது. அத்தான் நடுராத்திரி பிரிட்ஜைத் திறந்தால் மாடியில் இருந்தபடியே, "அதை வச்சிருங்க, காலைல பாப்பாவுக்கு வேணும்" என்பாள்.

அத்தான் கட்டட வரைபடம் போடுகிறவர். பத்து வயதில் ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர்; வீட்டில் பாப்பா.

அந்த வருஷம் புதிதாக எலக்ட்ரிக் கார் வாங்கியிருந்தார்கள். கூடவே மடக்குச் சைக்கிள் இரண்டு. "பத்தே செகண்ட்ல மடக்கிடலாம்" என்று அத்தான் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் செய்து காட்டி, விரலை நசுக்கிக்கொண்டு ஒரு வாரம் கட்டோடு திரிந்தார். சீட்டை இறக்கினால் பாப்பாவும் ஓட்டலாம். மூன்று நாள் விடுமுறை கிடைத்ததும் சைக்கிள்களை டிக்கியில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினார்கள்.

வழியில் சார்ஜ் போடும் இடத்தில் நீண்ட வரிசை. "போய்ச் சேர்ந்துடலாம், நான் கணக்குப் போட்டுட்டேன்" என்றார் அத்தான். போய்ச் சேர்ந்தார்கள்தான். திரையில் மூன்று சதவீதம் மிச்சம்.

வாடகைக்கு எடுத்த வீடு ஊரின் கடைசியில், தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது. சாவியைக் கொடுத்த பெண்மணி அதிகம் பேசவில்லை. அழுது ஓய்ந்த முகம். வீட்டுக்கு எதிரே ஒரு கரை ரோடு தொடங்கியது. இரண்டு பக்கமும் சேறும் மணலுமாக விரிந்து கிடக்க, நடுவே ஒரே ஒரு வண்டி போகும் அகலத்தில் கலங்கரை விளக்கம்வரை நீண்டது.

"நடுவுல ஒரு தாழ்வான இடம் இருக்கு" என்றாள் அந்தப் பெண்மணி. "ஆறு மணிக்குள்ள அங்க தண்ணி ஏறிடும். அதுக்கு முன்னாடியே திரும்பிடுங்க." கொஞ்சம் தயங்கினாள். "இன்னைக்குப் போகாம இருந்தாக்கூட நல்லதுதான்."

காரணம் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

சமையலறை ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துச் சாதாரண பிளக்கில் காரைச் சொருகினார்கள். மூன்று மணிக்கு அத்தானும் பாப்பாவும் சைக்கிள்களைப் பிரித்துக்கொண்டு கிளம்பினார்கள். பாப்பா நீலக் கோட்டு போட்டிருந்தாள். பெல்லை அடித்துக்கொண்டே போனாள். அந்த 'ட்ரிங்... ட்ரிங்...' வெகுதூரம்வரை அக்காவின் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

நான்கு மணிக்கு மூடுபனி இறங்கியது. மெல்ல மெல்ல அல்ல. பாத்திரம் கழுவித் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, ஜன்னலுக்கு வெளியே கடலும் இல்லை, ரோடும் இல்லை. வெள்ளைத் துணியால் மூடிய மாதிரி இருந்தது.

நாலு நாற்பதுக்கு போன் அடித்தது. அத்தான். மூச்சு வாங்கியது.

"பாப்பா அங்க வந்துட்டாளா?"

"என்ன கேக்குறீங்க? உங்க கூடத்தானே வந்தா?"

"முன்னாடி போயிட்டிருந்தா. பனி வந்துச்சு... கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டேன். பெல் சத்தம்கூட..."

இணைப்பு அறுந்துபோனது. திரும்பத் திரும்பப் போட்டாள். போகவே இல்லை.

அக்கா வெளியே ஓடி ஒயரைப் பிடுங்கினாள். இதற்குள் பத்துப் பன்னிரண்டாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. எப்போதோ பிளக்கில் கரண்ட் நின்றுபோயிருக்கிறது. திரையில் ஐந்து சதவீதம்.

ஐந்து என்றால் ஐந்து. அவள் கரை ரோட்டில் ஏறிவிட்டாள்.

எலக்ட்ரிக் கார் சத்தம் போடாது. அன்றைக்கு அது வசதியாகத்தான் இருந்தது. எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினாள். முன்விளக்கு வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. ஹாரனை அடிப்பாள், நிறுத்துவாள், கேட்பாள்.

"பாப்பா...! பாப்பா...!"

தண்ணீர் சேற்றில் ஊறுகிற சலசலப்பு. வேறொன்றும் இல்லை.

மறுபடி ஹாரன். மறுபடி, "பாப்பா!"

தொண்டை கட்டிப்போனது. கெஞ்சத் தொடங்கிவிட்டாள். யாரிடம் என்று தெரியாது. 'அவள் மட்டும் கிடைத்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம், எதுவுமே வேண்டாம்' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனாள்.

தாழ்வான இடம் வந்தது. ரோட்டின் குறுக்கே தண்ணீர் பளபளத்தது. இறங்கிக் கால் வைத்துப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே வந்தது. இழுப்பு இருந்தது. அதற்கு மேல் வண்டி போகாது.

பாப்பா அந்தப் பக்கம் இருந்தால்?

அப்படியே தண்ணீரில் நடந்து போய்விடலாமா என்று நினைத்தாளாம். இரண்டு அடி எடுத்தும் வைத்துவிட்டாள். அப்போதுதான் கேட்டது.

"அம்மா..."

பின்னால். இடது பக்கம். சேற்றிலிருந்து.

"பாப்பா! இங்க வா! லைட்டப் பார்த்து வா!"

ஓடிப்போய் வண்டியில் ஏறினாள். அந்த இடத்தில் ரோடு கொஞ்சம் அகலம். முன்னும் பின்னுமாக எடுத்து எப்படியோ திருப்பினாள். பனிக்குள் கரைச் சரிவில் ஒரு சின்ன உருவம் ஏறி வருவது தெரிந்தது.

"ஏறு, சீக்கிரம் ஏறு!"

பின் கதவு திறந்தது. மூடியது.

அக்காவுக்கு அழுகை பீறிட்டது. அழுதுகொண்டே திட்டினாள். பெற்றவள் வேறு என்ன செய்வாள்? "அறிவிருக்காடி உனக்கு? அப்பாவ விட்டுட்டு எங்கடி போன? சைக்கிள் எங்க? கோட்டு எங்க?"

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். தலை குனிந்திருந்தது. ஈர முடி முகத்தை மூடியிருந்தது. சார்ஜை மிச்சம் பிடிக்க உள்விளக்கையெல்லாம் அணைத்து வைத்திருந்ததால் அதற்கு மேல் தெரியவில்லை. பயந்துபோயிருக்கிறாள், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று ஓட்டினாள்.

"குளிருது" என்றது குரல்.

நாலு சதவீதம். ஹீட்டர் போட்டால் வேகமாக இறங்கும். போட்டாள். எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றினாள். சூடான காற்று முகத்தில் அடித்தது. ஆனால் அவளுடைய பிடரியில் மட்டும் சில்லென்று இருந்தது. பின்னாலிருந்து யாரோ மூச்சுக்குப் பதிலாகக் குளிரை விடுகிற மாதிரி.

"இந்த வண்டி ஏன் சத்தமே போடல?"

அக்கா சிரிக்கப் பார்த்தாள். "என்னடி புதுசாக் கேக்குற? என்னைக்குச் சத்தம் போட்டுச்சு?"

கொஞ்ச நேரம் கழித்து... "இது யார் வண்டி?"

அதிர்ச்சியில் குழந்தைகள் இப்படித்தான் ஏதாவது உளறும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவளுடைய காது வேறு சொன்னது. பனிக்குள் தூரத்திலிருந்து 'அம்மா' என்று கூப்பிட்டால் எந்தக் குழந்தையின் குரலும் ஒன்றுதான். பக்கத்தில் கேட்டால் அப்படி இல்லை.

இந்தக் குரல் கொஞ்சம் அடர்த்தி. 'ர' சரியாக வரவில்லை.

அப்போது போன் அடித்தது. வண்டியின் ஸ்பீக்கர் வழியாக, உள்ளே முழுவதும் நிரம்பிக்கொண்டு.

"கிடைச்சிட்டா!" அத்தான் கத்தினார். "பாப்பா கிடைச்சிட்டா! கரைக்குக் கீழ மணல்ல போற பாதையில இறங்கிட்டா, நானும் அதுலதான் வந்தேன். நாங்க வீட்டுக்கு வந்துட்டோம். நீ எங்க இருக்க? இந்தா, அவகிட்டப் பேசு."

"அம்மா... ஸாரிம்மா. அழாதம்மா. நான் வீட்ல இருக்கேன்."

பாப்பாவின் குரல். சந்தேகமே இல்லை. அக்கா வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்தது.

பின் சீட்டிலிருந்து கேட்டது.

"அது யாரு?"

அக்கா திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். வேறு யாருடைய குழந்தையோ, பனியில் வழி தவறிவிட்டது, அவ்வளவுதான். இப்படித்தான் நினைக்கப் பார்த்தாள்.

"நீ... நீ யாரும்மா? உன் பேர் என்ன?"

"பாப்பா."

"உங்க வீடு எங்க இருக்கு?"

"அங்க."

அவளுடைய தோளுக்கு மேலே ஒரு கை நீண்டு முன்பக்கம் காட்டியது. திரையின் வெளிச்சம் அதில் பட்டது. வெளுத்த கை. விரல் நுனிகள் சுருங்கி, வெந்ததுபோல் இருந்தன. நாளெல்லாம் தண்ணீரில் ஊறினால் எப்படி இருக்குமோ அப்படி. டீ-ஷர்ட்டின் மஞ்சள் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அக்காவின் மடியில்.

"நீங்க கூப்பிட்டீங்களே" என்றது. "பாப்பா பாப்பான்னு. அதான் வந்தேன்."

மூன்று சதவீதம்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அந்த வண்டி பெல்ட் விஷயத்தில் மாமியாரைவிட மோசம். பின் சீட்டில் நாலு கிலோ உருளைக்கிழங்குப் பையை வைத்தால்கூட ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து 'பீப் பீப்' என்று கத்தும். பெல்ட் போட்டால்தான் நிற்கும்.

இவ்வளவு நேரம் அது கத்தவே இல்லை.

திரையைப் பார்த்தாள். பின் சீட்டுக்கான படம் மங்கிக் கிடந்தது.

பின்னால் யாரும் இல்லை என்றது வண்டி.

பிடரியில் அந்தக் குளிர்.

அக்கா பிரேக்கை மிதித்தாள்.

"இறங்கு."

"இன்னும் வீடு வரலையே."

"இறங்கு!"

"இருட்டுதே..."

"இறங்குன்னு சொல்றேன்ல!" அலறிவிட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிஷம். அப்புறம் பின் கதவு திறந்தது. கடல் வாசனை உள்ளே வந்தது. கதவு மெதுவாக மூடியது. திட்டு வாங்கிய குழந்தை மூடுவதுபோல, சத்தம் வராமல்.

அக்கா ஆக்ஸிலேட்டரை மிதித்தாள்.

பின்னால்...

சளக்... சளக்... சளக்...

ஈர ரோட்டில் வெறுங்கால்.

கண்ணாடி ஏற்றியிருந்தது. ஹீட்டர் இரைந்தது. ஆனாலும் கேட்டது. அவளுடைய காதுக்குத் தப்பாது. அது ஓடி வந்துகொண்டிருந்தது.

இரண்டு சதவீதம்.

சளக் சளக் சளக்...

ஹீட்டரை அணைத்தாள். இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஒன்று.

திரையில் ஆமைப் படம் வந்தது. வண்டி தானாக வேகத்தைக் குறைத்தது. எவ்வளவு மிதித்தாலும் நடக்கிற வேகம்தான்.

சத்தம் பின்னால் வந்தது. பக்கத்தில் வந்தது. கதவை ஒட்டி வந்தது.

"அம்மா, நில்லுங்க... அம்மா..."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாளாம். ஓட்டிக்கொண்டே.

வண்டி நின்றது.

காலடியும் நின்றது.

திரை அணைந்தது.

...

வீட்டு விளக்கு பனிக்குள் மஞ்சளாகத் தெரிந்தது. கரை ரோடு முடிந்துவிட்டிருந்தது; வீட்டுக்கு நூறடி இருக்கும். கதவைத் திறந்து ஓடினாள். எப்படி ஓடினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. வாசலில் நீலக் கோட்டோடு பாப்பா நின்றிருந்தாள். அவளை அள்ளி, முகம், கை, விரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் அவள் எப்படியோ மறந்திருப்பாள். ஐந்து நிமிஷம் கழித்து வேறொரு பயம் வந்தது. இது முதல் பயத்தைவிடக் கொடியது.

"ஒருவேளை அது நிஜமாவே குழந்தையா இருந்தா?"

"என்ன சொல்ற?" என்றார் அத்தான்.

"பெல்ட் சத்தம் கெட்டுப்போயிருக்கலாம். குளிர்ல கை அப்படித்தான் ஆகும். ஒரு பச்சைப் புள்ளைய நடு ரோட்ல இறக்கி விட்டுட்டு வந்திருக்கேன். தண்ணி ஏறுது. ஏங்க, தண்ணி ஏறுது!"

அத்தான் தடுப்பதற்குள் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுபடியும் கரை ரோட்டில் ஏறிவிட்டாள். சீட்டு பாப்பாவின் உயரத்துக்கு இறக்கியிருந்தது. முழங்கால் கைப்பிடியில் இடிக்க இடிக்க மிதித்தாள். எதற்குப் பயந்து ஓடி வந்தாளோ அதையே கூப்பிட்டுக்கொண்டு போனாள். "பாப்பா... வந்துரும்மா... ஏத்திக்கிறேன்... வீட்ல விடுறேன், வந்துரு..."

முன்னால் மறுபடியும் தண்ணீர் பளபளத்தது.

அத்தான் கடலோர மீட்புப் படைக்குப் போன் செய்திருந்தார். ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். தாழ்வான இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்த அக்காவை இழுத்துக்கொண்டு வந்தார்கள். போர்வையைச் சுற்றி, ஜீப்பில் உட்கார வைத்து, வயதில் மூத்தவர் விசாரித்தார்.

"எத்தனை வயசு இருக்கும்மா?"

"எட்டு... ஒன்பது."

"என்ன டிரஸ்?"

"மஞ்சள் டீ-ஷர்ட். பெருசு, தொளதொளன்னு. நீளமான முடி. பேச்சுல 'ர' வராது."

அவர் இளையவரைப் பார்த்தார். இளையவர் தண்ணீரை நோக்கி அடித்துக்கொண்டிருந்த டார்ச்சை அணைத்தார்.

"தேட வேண்டாம்மா" என்றார் மூத்தவர். "அந்தப் பாப்பா கிடைச்சாச்சு. காலைல பத்து மணிக்கு. நான்தான் தண்ணியிலேர்ந்து தூக்கினேன். இப்ப டவுன் ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க."

பத்து மணிக்கு அக்காவும் அத்தானும் இன்னும் ஊரை விட்டே கிளம்பியிருக்கவில்லை.

மறுநாள் காலை அத்தான் மூட்டை கட்டினார். அக்கா மட்டும் கேட்கவில்லை. "ஒரு தடவை அந்தப் புள்ளையோட வீட்டுக்குப் போயிட்டு வந்துடுறேன். ஒண்ணும் சொல்ல மாட்டேன். சும்மா போய் நின்னுட்டு வந்துடுறேன்." இரண்டு தெரு தள்ளி, ஊருக்குள் வீடு. வாசலில் நாலைந்து பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் மதியம்தான் வரும் என்று யாரோ சொன்னார்கள்.

கூடத்தில் திரைகளெல்லாம் இழுத்து மூடியிருந்தன. குழந்தையின் அம்மா நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அக்காவை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அக்கா தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீட்புப் படைக்காரர்களிடம், "இதை அந்தக் குடும்பத்துக்கிட்டச் சொல்லிடாதீங்க" என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவர்களும் சொல்லவில்லை.

அக்கா நிலைப்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தாள். அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்கதானா?" என்றாள்.

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க பாதி வழியில இறக்கி விட்டீங்க? சின்னப் புள்ளைதானே. இருட்டுல அவ்வளவு தூரம் நடந்தே வந்தா."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண் உதட்டில் விரலை வைத்தாள். மூடியிருந்த உள் அறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள். "இப்பதான் தூங்குறா."